குறைத்த வரியைக் கட்டியவர்கள்

2019 நவம்பர் 16ஆம் திகதி இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. கோட்டாபய ராஜபக்ச 52.25 வீத வாக்குகளுடன் வென்று, 18ஆம் திகதி அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றார். அதன்பின் பத்து நாள்கூட ஆகவில்லை. 27ஆம் திகதி கூடிய அமைச்சரவை நாட்டின் வரி அமைப்பையே புரட்டிப்போட்டது. 15 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி டிசம்பர் 1 முதல் 8 வீதமானது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவுக்கு மேல் விற்பவர்கள் அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனாக உயர்ந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் பொருளாதார சேவைக் கட்டணமும் ஒழிந்தன. சம்பளத்திலிருந்து முதலாளியே கழித்துக் கட்டும் வரி கட்டாயமில்லை என்றானது. தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம் 24இலிருந்து 18க்கு இறங்கியது.

இவற்றில் எதுவும் இரகசியமாக நடக்கவில்லை. 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதி, மேடை தோறும் சொல்லி, வாக்கு வாங்கிச் செய்தவைதான். ஆகவே, பின்னால் வந்த வீழ்ச்சிக்குச் சில மூடர்களின் கிறுக்குத்தனமே காரணம் என்று கதை முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. வரியும் வேலையும் பற்றி அந்த நாடு எழுபது ஆண்டுகளாக நடத்திவந்த ஒரு வாதம் அன்று தன் எல்லைக்கு வந்து சேர்ந்தது. அந்த வாதத்தில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டிருந்தது: குறைத்த வரியை யார் கட்டுவது?

முதலில், யாருக்குக் கிடைத்தது என்று பார்ப்போம். மாதம் 300,000 ரூபா சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய சட்டப்படி மாதம் 100,000 ரூபா வரை வரியில்லை. மீதிக்குப் படிப்படியாக உயரும் வீதங்களில் அவர் 20,000 ரூபா கட்டினார். 2020 தொடக்கத்தில் வரியில்லா எல்லை மாதம் 250,000 ஆனது. அவர் கட்ட வேண்டியது 3,000 ரூபா. மாதம் 17,000 ரூபா கையில் நின்றது. அதே 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் எடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்பின்படி, இலங்கைக் குடும்பங்களில் பாதிக்கு முழு வீட்டின் மாத வருமானமே 53,333 ரூபாவுக்குக் குறைவு. ஒரு வீட்டின் எல்லாச் சம்பளத்தையும் கூட்டினாலும் பழைய வரி எல்லையைக்கூடத் தொடாதவர்களே நாட்டில் பெரும்பான்மை. வருமான வரிக் குறைப்பு அவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆனாலும் அவர்களும் வாக்களித்தார்கள். அதற்கு நியாயம் இருந்தது. முந்தைய மைத்திரிபால சிறிசேன–ரணில் விக்கிரமசிங்க ஆட்சி, 2016இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்படிக்கைப்படி, பெறுமதி சேர் வரியை 11இலிருந்து 15 வீதமாக உயர்த்தியது. வட்டியை நீக்கிப் பார்த்தால் 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் அரசின் வரவு செலவை மிஞ்சியது. இலங்கையில் அதுவரை அது மிக அரிதாகவே நடந்தது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் வந்த அந்த உபரி எந்த வீட்டின் அடுப்படிக்கும் வரவில்லை. வளர்ச்சி மந்தம், வறட்சி, பின்னர் 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். சுற்றுலா விடுதிகள் வெறிச்சோடின. இந்த நிலையில் "வரியைக் குறைத்தால் மக்கள் கையில் காசு புழங்கும், கடை ஓடும், தொழில் வளரும், வேலை பெருகும், கடைசியில் வரி வருமானமும் கூடும்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் தலையாட்டத்தான் செய்வார். அமெரிக்காவில் பொருளியலாளர் ஆர்தர் லாஃபரின் பெயரோடு 1970களிலிருந்து உலவும் வாதம் அது. கொழும்பின் தொழில்முனைவோரும் உயர்தொழில் புரிவோரும் அதைப் புதிய நிருவாகத்தின் அறிவியலாகவே வரவேற்றார்கள்.

லாஃபரின் வாதத்தில் ஒரு நிபந்தனை உண்டு. வரி வீதம் மிக அதிகமாக இருந்து, அதனாலேயே மக்கள் உழைக்காமலும் முதலீடு செய்யாமலும் இருக்கும் இடத்தில்தான் அது பொருந்தும். இலங்கையோ உலகிலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளின் வரிசையில் ஏற்கெனவே நின்றது. 1990களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்த வரி வருமானம் 2019இல் 12 வீதத்தை ஒட்டி நின்றது. உச்ச வீதம் 24. இந்த உயரத்திலிருந்து இறக்கி வருமானத்தைக் கூட்டலாம் என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இடமில்லை.

அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர இதைத் தேர்தலுக்கு முன்பே சொன்னார். அறிக்கை விட்டு, இந்த வாக்குறுதி நிறைவேறினால் நாடு வங்குரோத்தாகும், வெனிசுவேலாவோ கிரேக்கமோ ஆகிவிடும் என்று எச்சரித்தார். தோற்கப்போகும் தரப்பின் பயமுறுத்தலாகவே அது எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் தரப்பின் கையும் அப்படியொன்றும் சுத்தமில்லை. அவர்களும் தேர்தல் நெருங்க நெருங்கப் பட்டதாரிகளை அரச சேவைக்குள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மங்கள 2021 ஆகஸ்ட் 24இல் கொரோனாவால் இறந்தார். தன் எச்சரிக்கை எழுத்துக்கு எழுத்து மெய்யானதை அவர் பார்க்கவில்லை.

அரிசியும் உத்தியோகமும்

இலங்கை அரசியலில் அரசாங்கம் என்றால் கொடுப்பது. எடுப்பதைப் பற்றிப் பேசியவர்கள் தண்டனை பெற்றார்கள். 1953 யூலையில் நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12இல் இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு நின்றுபோனது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1962இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்கப் பார்த்த நிதி அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் அந்தப் பதவியை இழந்தார். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தரப்பு, சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்துத் தருவோம் என்று பேசி வென்றதாக மக்கள் இன்றும் சொல்வார்கள். இந்த வரலாற்றிலிருந்து ஒவ்வொரு அரசியல்வாதியும் படித்த பாடம் ஒன்றுதான்: கொடுத்ததைத் திருப்பி எடுக்காதே, கடன் வாங்கியாவது கொடு.

இந்த மரபை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், கூப்பன் அரிசி மூன்றும் சேர்ந்துதான் ஒரு வறிய தீவின் எழுத்தறிவையும் ஆயுளையும் அயல்நாடுகள் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயின. சிக்கல் அங்கே இல்லை. தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியில் கிடைத்த பணம் அந்தச் செலவைச் சுமந்த காலம் முடிந்தபின், அதைச் சுமக்க வேறு வரியை யாரும் கட்டவில்லை, எந்தக் கட்சியும் கேட்கவில்லை. நிக்கலஸ் கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் 1958இல் கொழும்புக்கு வந்து சொத்து வரியும் செலவு வரியும் பரிந்துரைத்தார். அவை சட்டமாகவும் வந்தன, வேர்பிடிக்கவில்லை.

அரிசியின் இடத்தைப் பிறகு உத்தியோகம் பிடித்தது. "கோழி மேய்த்தாலும் கோர்ணமெந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தில் சொன்னதைத் தெற்கிலும் வேறு சொற்களில் நம்பினார்கள். ஓய்வூதியம், மதிப்பு, கல்யாணச் சந்தையில் விலை எல்லாம் அதில் இருந்தன. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தை மொழிப் பிரச்சினையாக மட்டும் படிப்பது தவறு; அரச உத்தியோகம் யாருக்கு என்ற சண்டை அது. 1971 ஏப்ரலில் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி வெடித்தபோது துப்பாக்கி தூக்கியவர்களில் பெருந்தொகையினர் படித்து வேலையில்லாத கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். அதே ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பின் குழுவோடு வந்த பொருளியலாளர் டட்லி சியர்ஸ், நாடு உண்டாக்கும் வேலைக்கும் அதன் பள்ளிக்கூடங்கள் உண்டாக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையில் இருக்கும் பிளவை அறிக்கையாகவே எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த காலமும் அதுதான். உத்தியோகத்துக்குப் போகும் கதவு தமிழ் இளைஞருக்கு எப்படி மூடியது, அதிலிருந்து என்ன கிளம்பியது என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் விடை மாறவில்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவோரம் அமர்ந்து கேட்டது தனியார் முதலீட்டை அல்ல, நியமனக் கடிதத்தை. 2020இல் கோட்டாபய அரசாங்கம் மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகளை எடுத்தது. குறைந்த கல்வி உள்ள வறிய குடும்பத்தினர் ஓர் இலட்சம் பேருக்கு வேலை என்று இன்னொரு செயலணியை அமைத்தது. வரியைக் குறைத்த அதே கை சம்பளப் பட்டியலை நீட்டியது. இரண்டும் ஒரே விஞ்ஞாபனத்தில் இருந்தன. அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்த ஒரு பக்கம் மட்டும் அதில் இல்லை.

இலங்கையின் மிகப் பெரிய வேலைவாய்ப்புத் திட்டத்தைப் பற்றித் தெற்கில் யாரும் அந்தப் பெயரில் பேசுவதில்லை. அது படை. போர் முடிந்து பத்தாண்டு கழிந்தும் முப்படைகளிலும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். கிராமத்துச் சிங்கள வீடுகள் எத்தனையோ அந்தச் சம்பளத்தில்தான் நிற்கின்றன. தரைப்படையை இரண்டு இலட்சத்திலிருந்து 2030க்குள் ஓர் இலட்சமாகக் குறைப்போம் என்று அரசாங்கம் வாய்திறந்து சொன்னது 2023 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் நாடு வங்குரோத்தாக வேண்டியிருந்தது.

ஓட்டை விழுந்த இடம்

2019இல் ஏறத்தாழ 1,735 பில்லியன் ரூபாவாக இருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனாக விழுந்தது. அந்த ஆண்டு அரசாங்கம் கட்டிய வட்டி மட்டும் 980 பில்லியன். வரியாக வந்த ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எண்பது வட்டிக்குப் போனது. மிஞ்சிய இருபதில் ஆசிரியர், தாதியர், படையினர், ஓய்வூதியர், மருந்து, உரம், வீதி எல்லாம்.

வீதக் குறைப்பை விட ஆழமான சேதம் எல்லை உயர்வில் இருந்தது. பத்திரிகைகள் இதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பெறுமதி சேர் வரி ஒரு சங்கிலி. மொத்த வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தால்தான் சில்லறை வியாபாரி தான் கட்டிய வரியைக் கழிக்க முடியும். ஆகவே ஒருவர் கணக்கு மற்றவர் கணக்குக்குச் சாட்சி. எல்லையை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனாக, இருபத்தைந்து மடங்கு, உயர்த்தியபோது பெரும்பாலான நிறுவனங்கள் சங்கிலியை விட்டு வெளியேறின. பற்றுச்சீட்டு நின்றது. அதோடு, யார் எவ்வளவு விற்கிறார்கள் என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கிடைத்துவந்த தகவலும் நின்றது. சம்பளத்தில் கழிக்கும் முறையை எடுத்தபோது யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற பட்டியலும் போனது. வீதத்தை ஒரே இரவில் மறுபடி உயர்த்தலாம். பட்டியலை அப்படி மீட்க முடியாது.

இவ்வளவும் பாராளுமன்றத்தைக் கேட்காமலே நடந்தது. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் வருமான வரி மாற்றங்கள் திணைக்கள அறிவித்தல்களின் பேரில் 2020 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருந்தன. அவற்றுக்கான திருத்தச் சட்டம் நிறைவேறியது 2021 மே மாதம். பதினாறு மாதங்கள் நாட்டின் வருமான வரி அமைச்சின் கடிதத்தில் ஓடியது.

கொரோனா வராவிட்டால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ராஜபக்ச தரப்பு இன்றும் சொல்கிறது. இதைத் தட்டிவிட முடியாது. 2018இல் 4.4 பில்லியன் டொலர் தந்த சுற்றுலா 2020இல் ஒரு பில்லியனைக்கூடத் தொடவில்லை. எந்த அரசாங்கம் இருந்தாலும் அடி விழுந்திருக்கும். ஆனால் காலவரிசை அந்த வாதத்துக்கு உதவவில்லை. இலங்கையில் முதல் ஊரடங்கு 2020 மார்ச்சில் வந்தது. கடன் தரமிடும் ஃபிட்ச் நிறுவனம் 2019 டிசம்பரிலேயே, எஸ் அண்ட் பி 2020 ஜனவரியிலேயே இலங்கைக்கான எதிர்பார்ப்பைப் பாதகமாக மாற்றிவிட்டன. இரண்டும் சுட்டிக்காட்டியது வரிக் குறைப்பை. தொற்று வந்த பிறகும் குறைப்பை மீளப்பெற இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. மற்ற நாடுகளும் தொற்றுக் காலத்தில் வருமானம் இழந்தன. ஆனால் அவற்றுக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தது. தரம் இறங்கியபின் சர்வதேச சந்தையில் இலங்கைக்குக் கடன் தர ஆளில்லை.

வெளியில் கதவு மூடியதும் உள்ளே அச்சகம் திறந்தது. 2019 முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரச பிணையங்கள் ஏறத்தாழ 75 பில்லியன் ரூபா. 2021 முடிவில் அது 1,400 பில்லியனைத் தாண்டியது. புதுப் பணத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்து வாங்கிய காகிதங்கள் அவை. பணம் அச்சடித்தாலும் விலை ஏறாது என்று மத்திய வங்கியின் உச்சியில் இருந்தவர்களே வாதித்தார்கள். அதே வேளை டொலரை 200 ரூபாவில் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். வெளியில் கூடுதல் விலை கிடைத்ததால், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து காசு அனுப்பியவர்கள் வங்கியை விட்டு உண்டியல்காரரிடம் போனார்கள், 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த பணவரவு அடுத்த ஆண்டு 5.5 ஆனது. 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 முடிவில் 3.1. அந்த நிலையிலும் 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் முறிக் கடனைக் கட்டிப் பெருமைப்பட்டார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

யாரும் வாக்களிக்காத வரி

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 69.8 வீதம். உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. எந்த அமைச்சரவையும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றவில்லை. ஆனால் அது செய்த வேலையைப் பார்த்தால் இதுவும் வரிதான்: மக்கள் கையில் இருந்த காசின் பெறுமதியில் பாதியை எடுத்து அரசாங்கத்தின் உள்நாட்டுக் கடனைக் கரைத்தது. வருமான வரிக்கு விலக்கு எல்லை உண்டு, இதற்குக் கிடையாது. 2019இல் விட்டுக்கொடுத்த வரி இந்த உருவில் திரும்பி வந்தது; இம்முறை கட்டியவர்கள் வேறு ஆட்கள்.

மலையகத்தைப் பாருங்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனது. வெற்றி என்று கொண்டாடினார்கள். அந்தத் தொகை சட்டப்படி அடுத்து உயர்ந்தது 2024 செப்டெம்பரில். இடையில் விலைவாசி ஏறத்தாழ இரட்டித்தது. அதாவது கொழுந்து பறிக்கும் ஒரு பெண், 2022இன் இறுதியில், தன் நாட்கூலியில் பாதியை வரியாகக் கட்டினாள். இலங்கையின் எந்த வங்கி முகாமையாளரும் அந்த ஆண்டு அந்த வீதத்தில் வருமான வரி கட்டவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது அடி விழுந்தது லயங்களின் அடுப்பிலும் வடக்கு, கிழக்கு மீனவரின் படகு இயந்திரத்திலும். உலக வங்கியின் கணக்கில் 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதம். அந்த ஆண்டு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து புறப்பட்டார்கள். வேலைவாய்ப்புக் கொள்கை என்று ஒன்று அன்று இருந்திருந்தால் அதன் பெயர் கடவுச்சீட்டு அலுவலக வரிசை.

வரியைக் குறைத்தால் விலை இறங்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு சோதனையும் நடந்தது. 2020 அக்டோபர் 13 நள்ளிரவு முதல், இறக்குமதிச் சீனியின் விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக, ஆம், சதமாக, குறைந்தது. கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. குறைந்த வரியில் மூட்டைகளை இறக்கி, பழைய விலையில் விற்றவர்கள் இலாபம் பார்த்தார்கள். பாராளுமன்றத்தின் அரச நிதிக் குழு முன் பேசப்பட்ட வருமான இழப்பு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபா. 'சீனி மோசடி' என்ற பெயர் நின்றது. நீதிமன்றத்துக்குப் போய் யாரும் தண்டனை பெற்றதாக நினைவில் நிற்கவில்லை.

கடன் மறுசீரமைப்பிலும் இதே ஒழுங்குதான். 2023 யூலை 1இல் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் திட்டத்தை ஏற்றபோது சுமை பெரும்பாலும் ஏறியது ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல். 1958இல் தொடங்கிய அந்த நிதியம் தனியார் துறைத் தொழிலாளரின் முதுமைக் காசு; தோட்டத் தொழிலாளரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் அதன் அங்கத்தவர்கள். நிதியத்தின் திறைசேரி முறிகள் 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புது முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் வரி 14இலிருந்து 30 வீதமாகும் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கியது. வங்கிகளுக்கு விலக்கு. அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றை அசைத்தால் வைப்பாளருக்கு ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தையல் இயந்திரத்தில் இருபது ஆண்டு குனிந்தவளின் சேமிப்புக்கு அப்படி வாதாட அந்த மேசையில் ஆள் இருக்கவில்லை.

கணக்கு மறுபக்கம் திரும்பியபோது சத்தம் எழுந்தது எங்கிருந்து என்பதும் கவனிக்கத்தக்கது. 2023 ஜனவரியில் வருமான வரி எல்லை மறுபடி மாதம் 100,000க்கு இறங்கியது; வீதம் 6இலிருந்து 36 வரை. முன்னர் சொன்ன மாதம் 300,000 ரூபா சம்பளக்காரர் 3,000இலிருந்து 35,000க்குத் தாவினார். மருத்துவர், பொறியியலாளர், வங்கி ஊழியர், பல்கலைக்கழக ஆசிரியர் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 15இல் பெரிய வேலைநிறுத்தம்; மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியத்தின் சபை ஏறத்தாழ மூன்று பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. சம்பளக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது: எங்கள் வருமானம் ஒளிக்க முடியாதது, தனியார் வைத்தியசாலை முதலாளியும் காணி வியாபாரியும் சட்டத்தரணியும் எவ்வளவு கட்டுகிறார்கள்? ஆனால் அதைவிட அமைதியாக, 2024 ஜனவரி 1இல், பெறுமதி சேர் வரி 18 வீதமானது. அதற்கு எதிராக அப்படியொரு வேலைநிறுத்தம் நடக்கவில்லை. கடையில் சாமான் வாங்குவோருக்குத் தொழிற்சங்கம் கிடையாது. சொத்து வரி என்ற திட்டம் மட்டும் நாணய நிதியத்தின் ஆவணங்களில் எழுதப்பட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ட்ரான்ஸ்பேரன்சி இன்ரநஷனல் அமைப்பின் இலங்கைக் கிளையும் வேறு சிலரும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில், கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும் இரு முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் உட்பட உயர் பதவியாளர்கள் பொது நம்பிக்கையை மீறினார்கள், மக்களின் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்மானித்தார்கள். வரிக் குறைப்பும் அதைத் திருத்த மறுத்ததும் அந்தத் தீர்ப்பின் நடுவில் இருந்தன. மனுதாரர் நட்டஈடு கேட்காததால் அது வழங்கப்படவில்லை. வழக்குச் செலவாக ஒரு மனுதாரருக்கு 150,000 ரூபா. ஒரு பொருளாதாரக் கொள்கையை நீதிமன்றம் இப்படித் தீர்ப்பிடுவது நல்லதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தவறான கொள்கைக்குத் தண்டனை கொடுக்க வேண்டிய இடம் வாக்குச்சாவடி. ஆனால் வாக்காளருக்குக் கணக்கு மறைக்கப்பட்டு, பாராளுமன்றம் தாண்டப்பட்ட இடத்தில் நீதிமன்றம் தவிர யார் பேசுவது?

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் பேச்சு முழுவதும் வரியாகவே இருந்தது. கோட்டாபயவுக்குப் பின் ஜனாதிபதியான ரணில், இருக்கும் பாதையை அசைக்காதீர்கள் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச நாணய நிதியத்தோடு மறுபடி பேசுவோம் என்றார். ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசாநாயக்க சம்பள வரியைக் குறைப்பேன், உணவு, மருத்துவம், கல்வி மீதான வரியை நீக்குவேன் என்று சொல்லி வென்றார். வென்றபின் உடன்படிக்கைக்குள்ளேயே நின்றார். 2025 ஏப்ரல் முதல் வருமான வரி எல்லை மாதம் 150,000 ஆனது. நம் சம்பளக்காரர் இப்போது கட்டுவது 18,500 ரூபா. அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆக உயரும் என்றும் முப்பதாயிரம் பேர் அரச சேவையில் சேர்க்கப்படுவார்கள் என்றும் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. 1971இல் ஆயுதம் தூக்கிய கட்சியின் வாரிசுகள் நாணய நிதியத்தின் இலக்கை ஒழுங்காக எட்டுகிறார்கள் என்பதைச் சிலர் துரோகம் என்கிறார்கள், சிலர் முதிர்ச்சி என்கிறார்கள். நான் அதைக் கையில் காசில்லாதவரின் ஒழுக்கம் என்பேன். கையிருப்பு சேர்ந்து, நிதியம் போனபின், அடுத்த தேர்தலில் யாராவது மீண்டும் வந்து பாதி வரி என்று சொல்வார்கள். அப்போதுதான் சோதனை.

அதற்கு ஒரு கருவி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2023இல் பாராளுமன்ற வரவுசெலவுத் திட்ட அலுவலகம் ஒன்றை நிறுவும் சட்டம் நிறைவேறியது. அரசாங்கத்தின் கையில் இல்லாமல், பாராளுமன்றத்துக்குச் சுயாதீனமாகக் கணக்குப் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. கட்சிகளின் வாக்குறுதிக்கு என்ன செலவு என்று மதிப்பிடுவதும் அந்த எண்ணத்தின் ஒரு பகுதி. 2024இன் இரண்டு தேர்தல்களிலும் அப்படியொரு கணக்கு வாக்காளரின் கைக்கு வரவில்லை. அடுத்த தேர்தலில் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்த அலுவலகத்தில் போட்ட கணக்கைக் காட்டு என்று கேளுங்கள். காட்டாதவரின் வரிச் சலுகையை உங்கள் வீட்டுக்கு வரப்போகும் கட்டணச் சீட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.